பேட்டரி போச்சு என்று சொல்வதற்கு முன்

திரிகூட மலையில் மேகம் இறங்கி, தென்காசித் தெருக்களில் சாரல் தூவத் தொடங்கிவிட்டால் இருசக்கர வாகனப் பட்டறைகளில் ஒரே மாதிரியான முறையீடு வரும். "அண்ணாச்சி, செல்ஃப் எடுக்க மாட்டேங்கு. ஆரன் அடிச்சா இழுக்கு. நேத்து ஐந்தருவிக்குப் போயிட்டு நல்லாத்தான் வந்தோம். காலைல பாத்தா இப்படி இருக்கு." பதிலும் பல இடங்களில் தயாராக இருக்கும்: "பேட்டரி போச்சு தம்பி, மாத்திருவோம்." புதுப் பேட்டரி ஏறும், வண்டி உறுமிக்கொண்டு கிளம்பும். சீசன் முடிவதற்குள் அதே வண்டி, அதே முறையீட்டோடு, அதே வாசலில் வந்து நிற்கும். இரண்டாவது தடவை பேட்டரிக் கம்பெனியைத் திட்டுவார்கள்.

பேட்டரி மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. வருவதை வாங்கி வைத்திருந்து, கேட்கும்போது கொடுக்கிறது. வரவு நின்றாலும் குறைந்தாலும் முதலில் சாகிறது அதுதான். செத்தது பேட்டரி என்பதால் குற்றமும் அதன்மீதே விழுகிறது. வரவு எங்கே தடைப்பட்டது என்று தேடுவதற்கு ஒரு சாதாரண மல்டிமீட்டரும் அரைமணி நேரமும் போதும். தேடாமலே மாற்றினால், நல்ல பேட்டரி ஒன்றைக் குப்பைக்கு அனுப்பிவிட்டு இன்னொரு நல்ல பேட்டரியைப் பட்டினி போடுகிறோம்.

மின்சாரம் பிறக்கும் இடத்திலிருந்து தொடங்குவோம். சிறு வண்டிகளில் எஞ்சினின் பக்கவாட்டு மூடியைத் திறந்தால் கிண்ண வடிவில் கனமான இரும்புச் சக்கரம் ஒன்று தெரியும். அதன் உட்சுவரில் நிரந்தரக் காந்தங்கள் பதிந்திருக்கும். நடுவில், அசையாமல், வார்னிஷ் பூசிய செம்புக் கம்பிச் சுருள்கள். பட்டறை வழக்கில் சக்கரம் 'மேக்னட்', சுருள் 'மேக்னட் காயில்'. கிராங்க் தண்டோடு சக்கரம் சுற்றும்போது காந்தங்களின் வட, தென் முனைகள் மாறி மாறிச் சுருள்களைக் கடக்கின்றன. இப்படிக் காந்தப்புலம் மாறும்போது சுருளில் மின்னழுத்தம் தோன்றும் என்பதை மைக்கேல் ஃபாரடே 1831-இல் லண்டனில் கண்டறிந்தார். புலம் எவ்வளவு வேகமாக மாறுகிறதோ அவ்வளவு மின்னழுத்தம். ஆக்சிலேட்டரைத் திருகினால் மின்னழுத்தம் ஏறுவதற்கும், வண்டி சும்மா நின்று ஓடும்போது இறங்குவதற்கும் இதுவே காரணம்.

தென்காசியிலிருந்து சுரண்டைப் பக்கமோ ஆலங்குளம் பக்கமோ போகிறவர்கள் இதே விதி பிரம்மாண்டமாக வேலை செய்வதை வழியெல்லாம் பார்க்கலாம். செங்கோட்டைக் கணவாய் வழியாகப் பாய்ந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று அங்குள்ள காற்றாலைகளைச் சுழற்றுகிறது. அந்தக் கோபுரங்களின் உச்சியில் இருக்கும் ஜெனரேட்டருக்கும் நம் காலடியில் இருக்கும் மேக்னட்டுக்கும் அமைப்பில் வேறுபாடு உண்டு, அளவில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. ஆனால் அடிப்படை ஒன்றுதான். கயத்தாறில் காற்றாலைகளைச் சோதிப்பதற்கென்றே தேசியக் காற்று ஆற்றல் நிறுவனம் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. அவ்வளவு பெரிய எந்திரத்தை அளந்து பார்த்துத்தான் நம்புகிறோம். நம் வண்டியை மட்டும் குத்துமதிப்பாகப் பார்ப்பானேன்?

காயிலிலிருந்து வருவது திசை மாறி மாறி ஓடும் ஏ.சி. மின்சாரம். எட்டு முனைகள் கொண்ட மேக்னட் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் நொடிக்கு 200 அலைகள். வீட்டு மின்சாரத்தில் நொடிக்கு 50தான். பேட்டரிக்கு இது உதவாது. அதற்கு ஒரே திசையில் ஓடும் டி.சி. வேண்டும், அதுவும் 14 வோல்ட்டை ஒட்டி. இந்த இரண்டு வேலையையும் செய்வது ஆர்.ஆர். யூனிட், அதாவது ரெகுலேட்டர் ரெக்டிஃபையர். பழைய மெக்கானிக்குகள் இன்றும் 'கட்-அவுட்' என்று சொல்கிற, அலுமினியத் துடுப்புகள் கொண்ட சிறு பெட்டி.

இந்தப் பெட்டி மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் விதத்தைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். தேவைக்கு ஏற்ப மேக்னட்டின் உற்பத்தியைக் குறைக்கும் வழி எதுவும் இதற்கு இல்லை. நிரந்தரக் காந்தத்தை யாரும் அணைக்க முடியாது. குளம் பெருகினால் மிச்சத் தண்ணீர் மறுகால் பாய்வதுபோல, பேட்டரிக்கும் விளக்குக்கும் போக மிஞ்சியதை இந்தப் பெட்டி காயிலுக்கே திருப்பி ஷார்ட் செய்து கழித்துவிடுகிறது. மிச்சம் எவ்வளவோ அவ்வளவு சூடு, பெட்டியிலும் காயிலிலும். துடுப்புகள் இருப்பது அந்தச் சூட்டைக் காற்றில் விடுவதற்குத்தான். மழைக்காலச் சேறு அதன்மேல் அப்பிக் காய்ந்துவிட்டால் சூடு வெளியேற வழியில்லை. இன்னொன்றும் இதிலிருந்து தெரிகிறது. குண்டு பல்பை எடுத்துவிட்டு எல்.இ.டி. மாட்டினால் பேட்டரிக்கு மிச்சம்தான், ஆனால் இவ்வகை ரெகுலேட்டருக்கு வேலை குறையாது, கழிக்க வேண்டிய மிச்சம் கூடுவதால் சூடு அதிகமாகும்.

அடுத்தது பேட்டரி. காஸ்டன் பிளாந்தே 1859-இல் பிரான்சில் செய்த ஈய-அமில மின்கலத்தின் வாரிசுதான் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. ஒரு தகட்டில் ஈயம், மறு தகட்டில் ஈய டைஆக்சைடு, நடுவில் கந்தக அமிலம். மின்சாரம் எடுக்க எடுக்க இரண்டு தகடுகளிலும் ஈய சல்ஃபேட் படிகிறது, அமிலம் நீர்த்துப்போகிறது. சார்ஜ் ஏறும்போது எல்லாம் பழைய நிலைக்குத் திரும்புகிறது. திரும்ப வேண்டும் என்பதே முக்கியம். அரைகுறைச் சார்ஜில் வாரக்கணக்கில் கிடந்தால் அந்த சல்ஃபேட் பெரிய படிகங்களாக இறுகிவிடும். இறுகியவை பிறகு எளிதில் கரைவதில்லை. சார்ஜ் வராத வண்டியில் மாட்டிய புதுப் பேட்டரி சில வாரங்களிலேயே கிழடாவது இப்படித்தான்.

குற்றாலச் சீசன் இந்தக் கணக்கில் எங்கே வருகிறது? செல்ஃப் மோட்டார் 50 ஆம்பியர் வீதம் 3 நொடி இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால் போகும் மின்னூட்டம் 150 கூலும். பேட்டரிக்குள் 1 ஆம்பியர் திரும்ப ஏறினால் இரண்டரை நிமிடத்தில் ஏறக்குறைய ஈடாகிவிடும். தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டரை ஒட்டிய தூரம். சாலை காலியாக இருந்தால் போய்ச் சேர்வதற்குள் கடன் தீர்ந்துவிடும். சீசன் ஞாயிற்றுக்கிழமை அந்தச் சாலை காலியாக இருக்குமா? பேருந்துக்கும் வேனுக்கும் நடுவே முதல் கியரில் ஊர்ந்து, நொடிக்கொரு தரம் பிரேக் பிடித்து, ஆரன் அடித்து நகர வேண்டும். எஞ்சின் சுற்று குறைவு, அதனால் வரவு குறைவு. 21 வாட் பிரேக் விளக்கு ஒன்றரை ஆம்பியருக்கு மேல் கேட்கும், ஆரன் அதற்கும் மேல். 2017 ஏப்ரல் 1 முதல் வரும் வண்டிகளில் எஞ்சின் ஓடும்வரை முன்விளக்கும் எரிந்தே தீரும். சில வண்டிகளில் முன்விளக்கு காயிலிலிருந்து நேராக ஏ.சி.யில் எரிகிறது. நின்று ஓடும்போது மங்கி, திருகினால் பிரகாசிக்கும் விளக்கு அந்த ரகம். பேட்டரி வழியாக டி.சி.யில் எரியும் வண்டிகளில் 35 வாட் பல்பு தன் பங்குக்கு இரண்டரை ஆம்பியருக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. செலவு வரவைவிட 1 ஆம்பியர் கூடினால், 3 ஆம்பியர்-மணிப் பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு ஒரு மணி நேர நெரிசலில் கரைந்துவிடும். பிறகு அருவிக்கரையில் வண்டியை நிறுத்தி, எடுத்து, டீ குடிக்க நிறுத்தி, மறுபடி எடுத்து. இப்படி ஒருநாள் இறங்கிய பேட்டரியில் எந்தக் கோளாறும் இல்லை. புளியரை தாண்டி ஆரியங்காவு ஏற்றத்தில் இரண்டாவது கியரில் ஒரு நடை போய் வந்தால் தானே தேறிவிடும். இறங்கும்போது கியரில் வந்தாலும் எஞ்சின் சுற்று இருப்பதால் சார்ஜ் ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

தேறவில்லை என்றால்தான் மீட்டரை எடுக்க வேண்டும். டி.சி. 20 வோல்ட் அளவில் வைத்து, வண்டி இரவு முழுக்க நின்ற பிறகு, பேட்டரியின் இரு முனைகளிலும் தொட்டுப் பாருங்கள். 12.6-க்கு மேல் என்றால் நிறைவு. 12.2 பாதி. 12.0 என்றால் கால் பங்குகூடச் சந்தேகம். அடுத்து செல்ஃபை அழுத்தியபடி பாருங்கள். நிறைவாக இருந்த பேட்டரி 10 வோல்ட்டுக்குக் கீழே வெகுவாகச் சரிந்தால் அதன் உள்ளே கோளாறு. மூன்றாவது அளவுதான் வழக்கைத் தீர்ப்பது: எஞ்சினை ஓடவிட்டு, ஓரளவு திருகிப் பிடித்து, அதே முனைகளில் அளக்க வேண்டும். 13.5-க்கும் 14.8-க்கும் இடையே நின்றால் வரவு சரி, பேட்டரியைச் சந்தேகிக்கலாம். திருகத் திருக 12-ஐ விட்டு ஏறாமல் நின்றாலோ இறங்கினாலோ பேட்டரிமேல் பழி போட முடியாது.

அப்போது முதலில் ஆர்.ஆர். யூனிட்டை வாங்கிக்கொண்டு வரக் கடைக்கு ஓடுகிறார்கள். நான் அதை மூன்றாவதாகத்தான் வைப்பேன். இந்த ஈர ஊரில் முதல் சந்தேகம் வயர்களை இணைக்கும் கப்ளர்மீது விழ வேண்டும். ஆர்.ஆர். யூனிட்டின் கப்ளரைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டிப் பாருங்கள். நல்ல கப்ளரில் வெள்ளைப் பிளாஸ்டிக்கும் மஞ்சள் பித்தளையும் தெரியும். கெட்டதில் ஒரு முனையைச் சுற்றி மட்டும் பிளாஸ்டிக் பழுப்பேறி, இளகி, லேசாக உட்குழிந்திருக்கும். முனையில் செம்பு களிம்பேறிப் பச்சைப் பொடியாய் உதிரும். பெரும்பாலும் அது சிவப்பு வயர். காரணம் உண்டு. சாவியை எடுத்த பிறகும் அந்த முனையில் 12 வோல்ட் இருந்துகொண்டே இருக்கிறது. சாரலின் ஈரப்படலம் அதையும் பக்கத்து எர்த் முனையையும் இணைக்கும்போது மிகச் சிறு மின்னோட்டம் ஓடி, நேர்முனையின் செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. மின்முலாம் பூசும் பட்டறையில் வேண்டுமென்று செய்வதை நம் கப்ளர் விடிய விடியத் தானாகச் செய்துகொள்கிறது. அருவியில் குளித்துவிட்டு வந்து வண்டியையும் சீட்டுக்கு அடிவரை பிரஷர் அடித்துக் கழுவுகிறவர்கள் இந்த வேலையை விரைவுபடுத்துகிறார்கள்.

களிம்பேறிய முனையின் மின்தடை வெறும் 0.2 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 5 ஆம்பியர் ஓடினால் அங்கே 1 வோல்ட் விழுந்துவிடும். ரெகுலேட்டர் 14 வோல்ட்டை அனுப்பினாலும் பேட்டரிக்கு வந்து சேர்வது 13. அந்த 13-இல் பேட்டரி ஒருநாளும் நிறையாது, முழுசாகச் சாகவும் செய்யாது. அதனால்தான் கோளாறு பிடிபடாமல் மாதக்கணக்கில் இழுக்கிறது. விழுந்த அந்த 1 வோல்ட் 5 வாட் வெப்பமாக ஒரே முனையில் இறங்குகிறது. பிளாஸ்டிக் பழுப்பானது அந்தச் சூட்டில்.

இதைப் பிடிக்க ஓம் மீட்டர் உதவாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஓம் அளக்கும்போது மீட்டர் அனுப்புவது மில்லியாம்பியர் அளவு மின்னோட்டம்தான். பத்து இழைகளில் ஒன்று மட்டும் மிஞ்சிய வயரும் அதற்கு நல்ல வயர்தான். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது, சுமை இருக்கும்போது, மின்னழுத்த இழப்பை அளக்க வேண்டும். மீட்டர் டி.சி. வோல்ட்டிலேயே இருக்கட்டும். சிவப்பு முள்ளை ஆர்.ஆர். யூனிட்டின் சிவப்பு வயர் முனையில், கப்ளரின் பின்புறம் வழியாக நுழைத்துத் தொடுங்கள். கறுப்பு முள்ளைப் பேட்டரியின் நேர்முனையில் வையுங்கள். ஒரே வயரின் இரண்டு நுனிகள் என்பதால் நியாயப்படி சுழியத்தை ஒட்டி வர வேண்டும். 0.2, 0.3 வரை பொறுக்கலாம். 1 வோல்ட் காட்டினால் திருடன் அந்த வழியில்தான் இருக்கிறான்: கப்ளர், ஃபியூஸ் மாட்டும் பிடி, பேட்டரி முனையின் போல்ட், மூன்றில் ஒன்று. இதே சோதனையை எர்த் பக்கமும் செய்யுங்கள். ஒரு முள் பேட்டரியின் எதிர்முனையில், மறு முள் எஞ்சின் உடம்பில் பெயிண்ட் இல்லாத ஓர் இடத்தில். எர்த் வயர் சேஸிஸோடு சேரும் போல்ட்டில் துரு ஏறியிருப்பதை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. செலவு ஒரு துண்டு உப்புத்தாளும் கொஞ்சம் கிரீஸும்.

பேட்டரியின் மின்னழுத்தத்தைத் தனி வயர் வழியாக ரெகுலேட்டர் மோப்பம் பிடிக்கும் வண்டிகளும் உண்டு. அந்த வயரில் களிம்பேறினால் விளைவு நேர் எதிர். 14 வோல்ட் இருக்கும்போது ரெகுலேட்டருக்கு 13 என்று தெரியும். போதவில்லை என்று எண்ணி இன்னும் ஏற்றும். பேட்டரியில் 15-ஐத் தாண்டும். பல்புகள் அடுத்தடுத்துப் போகும், பேட்டரித் தண்ணீர் ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரிந்து வற்றும். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி ஊற்றி மாளவில்லை என்றால் பேட்டரியைப் பார்க்காமல் மீட்டரைப் பாருங்கள். அந்த வாயு தீப்பிடிக்கும். பேட்டரிப் பக்கத்தில் பீடி, சிகரெட் ஆகாது.

வயர்கள் சரி என்று தெரிந்தால் காயிலுக்கு வரலாம். காயில் கப்ளரைக் கழற்றிவிட்டு, மீட்டரை ஏ.சி. வோல்ட்டுக்கு மாற்றி, எஞ்சினை ஓடவிட்டுக் காயில் முனைகளில் அளக்க வேண்டும். சரியான எண் வண்டிக்கு வண்டி மாறும். பார்க்க வேண்டியது ஏற்றம். திருகத் திருக, இருபது வோல்ட் என்பது நாற்பது, ஐம்பது என்று தடையில்லாமல் ஏறினால் காயில் உயிரோடு இருக்கிறது. ஓரிடத்தில் முட்டி நின்றாலோ குறைந்தாலோ உள்ளே வார்னிஷ் கருகிச் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கலாம். காயிலின் மின்தடையையும் அளப்பதானால், அது ஒரு ஓமைச் சுற்றியே இருப்பதால், முதலில் மீட்டரின் இரு முட்களையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணைக் கழித்துக்கொள்ள வேண்டும். காயிலின் ஒரு நுனி எர்த்தில் சேர்ந்த வண்டிகளும் உண்டு, இரு நுனிகளும் எர்த்தைத் தொடாத வண்டிகளும் உண்டு. வயரிங் படம் பார்க்காமல் 'காயில் எர்த் ஆயிருச்சு' என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது.

இத்தனையும் சரியாக இருந்து, பேட்டரியில் மட்டும் ஏறவில்லை என்றால் இப்போது ஆர்.ஆர். யூனிட்டை மாற்றுங்கள். அதைத் தனியாகச் சோதிக்க நம்பகமான எளிய வழி இல்லை. மற்றவற்றை நிரபராதி என்று நிரூபித்துத்தான் அதனிடம் வர வேண்டும். செல்ஃப் மோட்டாரும் மேக்னட்டும் ஒன்றாகிவிட்ட, சத்தமில்லாமல் கிளம்பும் புதிய வண்டிகளில் இந்த வேலையை ஒரு கட்டுப்பாட்டுக் கருவி பார்த்துக்கொள்கிறது. அங்கே பேட்டரி அளவும் வயர் சோதனையும் பொருந்தும், அதற்குமேல் கம்பெனியின் சோதனைக் கருவி வேண்டும்.

எந்த வண்டியிலும் செய்யக் கூடாத ஒன்று உண்டு. "பேட்டரி ஒயரைக் கழட்டு, வண்டி ஓடுனா சார்ஜ் வருதுன்னு அர்த்தம்" என்று எஞ்சின் ஓடும்போதே முனையைக் கழற்றிச் சோதிப்பது. மின்னழுத்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கிப் பிடிப்பதே பேட்டரிதான். அது விலகிய கணத்தில் எழும் அலை ரெகுலேட்டரையும் எலக்ட்ரானிக் பெட்டியையும் கொண்டுபோய்விடும்.

வரவு சரி, ஆனாலும் நாலு நாள் நிறுத்தினால் இறங்குகிறது என்றால் அது கசிவு. சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் எதிர்முனை வயரைக் கழற்றி, இடையில் மீட்டரை ஆம்பியர் அளவில் சேர்க்க வேண்டும். முதலில் 10 ஆம்பியர் அளவு, பிறகு மில்லியாம்பியர். அந்த நிலையில் செல்ஃபைத் தொடக் கூடாது, மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். சாதாரண வண்டிகளில் 1 மில்லியாம்பியருக்குள் இருப்பது வழக்கம். அந்த வேகத்தில் 2.5 ஆம்பியர்-மணிப் பேட்டரி காலியாக நூறு நாளுக்கு மேலாகும். 20 மில்லியாம்பியர் கசிந்தால் ஐந்தே நாள். வெளியில் வாங்கி மாட்டிய திருட்டு அலாரம், ஜி.பி.எஸ்., உள்ளே டயோடு பழுதான ஆர்.ஆர். யூனிட், இவையே வழக்கமான குற்றவாளிகள். கடையநல்லூரிலிருந்து வளைகுடாவுக்குப் போய்விட்டு விடுமுறையில் திரும்புகிறவர்களின் வண்டி, உறை போட்டபடி வீட்டுத் திண்ணையோரம் மாதக்கணக்கில் நிற்கிறது. போகுமுன் எதிர்முனை வயரைக் கழற்றி வைத்தால் கசிவு நிற்கும், ஆனால் பேட்டரி தனக்குள்ளேயும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். மாதம் ஒருமுறை வீட்டிலுள்ளவர்கள் சார்ஜரில் போட்டு எடுப்பது நல்லது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களைப் புரட்டிப் போட்ட மழையில் எத்தனையோ வண்டிகள் மூழ்கின. அப்படி மூழ்கிய வண்டியில் சார்ஜ் கோளாறு உடனே தெரியாது. கப்ளருக்குள் புகுந்த சேற்றுத் தண்ணீர் மெல்ல வேலை செய்து, மாதங்கள் கழித்தே காட்டும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் சீட்டைத் தூக்கி வயரிங் கட்டின் மடிப்புகளில் வண்டல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது அதனால்தான்.

உண்மையிலேயே பேட்டரி போயிருக்கலாம், நான்கைந்து வருடம் உழைத்த பேட்டரிக்கு அதுவும் வரும். புதிதை வாங்கினால், கடையில் அமிலம் ஊற்றிய கையோடு மாட்டிவிட வேண்டாம். தகடுகள் அமிலத்தை உறிஞ்ச அரைமணி நேரமாவது விட்டு, கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் மெதுவாக முதல் சார்ஜ் ஏற்றச் சொல்லுங்கள். 2.5 ஆம்பியர்-மணிக்கு கால் ஆம்பியர். மாட்டியபின் மூன்று எண்களைக் கேட்டு வாங்கி, வாரன்ட்டி அட்டையின் பின்புறம் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள்: எஞ்சின் ஓடாதபோது எவ்வளவு, செல்ஃப் அழுத்தும்போது எவ்வளவு, திருகிப் பிடித்தபோது எவ்வளவு. அடுத்த ஆனியில் வண்டி மக்கர் செய்தால் மெக்கானிக்கிடம் அந்த அட்டையை நீட்டலாம். மூன்றில் எது மாறியிருக்கிறது என்பதிலிருந்து அவர் வேலையைத் தொடங்குவார்.